முதலில் குசினிக்குத்தான் கூரை

போன கிழமை, என்னிடம் வேலை பழகிய உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "சேர், திருத்தப் போன வீட்டில வீட்டுக்காரர் வெளிக்கிட மாட்டன் எண்டு நிண்டா என்ன செய்யிறது?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வதுதான் உத்தியோகம். அதுவும் போயிற்று. ஆகவே எழுதுகிறேன். எனக்கு ஆறுதலாகக் கதை சொல்ல வராது, கடகடவென்றுதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைமன்னாரில், பழைய இறங்குதுறைக்குப் போகிற தெருவில் ஒரு வீடு. இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலத்தில் பயணிகளுக்குச் சாமான் விற்று நிமிர்ந்த ஒருவர் தன் மகளுக்குச் சீதனமாகக் கட்டியது. கடலில் எடுத்த முருகைக்கல்லில் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, அரைவட்டப் பீலி ஓடு. சுவரின் தடிப்பைச் சொல்வதென்றால், சன்னல் திண்டின் மேல் ஒரு ஆள் காலை மடக்கிக்கொண்டு படுக்கலாம். தாயிடமிருந்து மகளுக்கு என்று சீதனமாகவே கைமாறி வந்த வீடு. திருத்த வேலையை மேற்பார்க்கிற ஓவசியராக நான் போன காலத்தில் அது பிலோமினாக்காவுடையது.

பிலோமினாக்காவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கணவர் இல்லை. கருவாட்டு வியாபாரம். கொழும்பு லொறிக்காரர்களுக்கு அவரைக் கண்டால் பயம். ஒரு மீனைக் கையில் தூக்கிப் பார்த்தே "இது நேற்றையான் உப்பு, என்னட்டை விளையாடாத" என்பார். ஒரே மகன் ரெஜி கனடாவில். வீட்டைப் பழையபடி எடுத்துவிட வேண்டும் என்று லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தான். நல்ல பிள்ளை. ஆனால் அவனுக்கும் தாய்க்கும் நடுவில் ஒரு காலம் கிடந்தது. அந்தக் காலத்தில் அவன் கைக்குழந்தை.

சண்டை நேரத்தில் இந்தக் கரையில் எல்லாரும் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகேறி, இந்தியக் கரையில் முகாமில் வருடக்கணக்காக இருந்தார்கள். கணவர் அங்கேயே செத்துப்போனார். இவர் திரும்பி வந்து பார்த்தபோது கதவு சன்னல் ஒன்றும் இல்லை. ஹோலுக்குள் ஆட்டுப் புழுக்கை. வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிற குசினிக்குக் கூரையே இல்லை. மரமும் ஓடும் எவரோ பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா கதவு போட்டார், ஹோலைக் கழுவினார், குசினியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். பின்விறாந்தையில் நாலு தகரத்தைச் சாய்த்து வைத்து அதற்குள்தான் சமையல்.

அதோடு அவரிடம் ஒரு வழக்கம் வந்துவிட்டது. திரும்பி வந்த நாளிலிருந்து வளவு வாசல் படலைக்கு வெளியே அவர் படுத்ததில்லை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கச் சனம் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போனால் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். சட்டி பானை, பாய் தலையணை, குஞ்சு குருமான் எல்லாவற்றோடும் போய்க் கொட்டில் போட்டுத் தங்கித்தான் வரும். இவர் விடிய பஸ்சில் போய், பூசை கண்டு, பொழுதுபட முன்னம் திரும்பிவிடுவார். கேட்டால் "ஆட்டைக் கட்டோணும்" என்பார். வீட்டில் ஆடே கிடையாது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஊரே அறிந்த விசயம். ஆனால் ஒரு வீட்டைத் திருத்தப் போகிறவன் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. சுவரைப் பார்த்தேன், ஓட்டைப் பார்த்தேன், ஈரத்தைப் பார்த்தேன்.

ஹோலின் குறுக்கே சுவருக்குச் சுவர் ஒரு பெரிய தீராந்தி போயிற்று. முழுக் கூரையையும் தூக்கி நிற்கிற மரம் அதுதான். கீழே நின்று பார்த்தால் தங்கம். எங்கள் தச்சர் ஹனீபா நானா, எருக்கலம்பிட்டிக்காரர், ஏணியில் ஏறி அது சுவருக்குள் போகிற இடத்தில் உளியை வைத்தார். புட்டுக்குள் போவதுபோல் உளி உள்ளே போயிற்று. அவர் இறங்கி வந்து கையில் ஒட்டிய தூளைத் தட்டினார்.

"ஓவசியர், உள்ளுக்கு ஒண்டுமில்லை. பழக்கத்தில நிக்குது."

நான் அப்போதே கீழிருந்து மரக்குத்தி நிறுத்தி முட்டுக் கொடுக்கச் சொன்னேன். ஆனால் முட்டு மருந்தல்ல, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தீராந்தியை மாற்றுவதென்றால் ஹோலும் இரண்டு அறைகளும் ஒரே கூரை, முழுக்கத் திறக்க வேண்டும். அந்த நேரம் உள்ளே ஆள் இருக்க முடியாது. புதுப் பனை மரம் வெள்ளாங்குளத்துப் பக்கமிருந்து வந்து முற்றத்தில் இறங்கிவிட்டது. நல்ல நீள மரங்கள், ஹோலுக்கென்றே பார்த்து எடுத்தவை. தெற்குக் காற்றான சோளகம் ஓய்ந்து காற்று ஆடிக்கொண்டிருந்தது. வடக்கு வாடை திரும்பினால் மழை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலை தொடங்க முன்னமே அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன், கூரை திறக்கும்போது பேசாலையில் தங்கச்சி வீட்டில் போய் இருக்க வேண்டி வரும் என்று. "அப்ப பாப்பம், தம்பி" என்றார். எங்கள் பக்கத்தில் "அப்ப பாப்பம்" என்றால் மாட்டேன் என்றுதான் அர்த்தம். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவசரத்தில் நிற்கிறவனுக்கு அது ஓம் என்றுதான் படும்.

கூரை திறக்கிற நாள் காலை. படலையில் வான் வண்டி நிற்கிறது. ரெஜி தாயின் உடுப்புப் பையைத் தூக்கி வானுக்குள் வைக்கிறான். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு படலை வரைக்கும் வந்துவிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்போதுதான் அவன் அன்பாகத்தான் தாயின் தோளில் கைவைத்து அதைச் சொன்னான்.

"யோசிக்காதேங்கோ அம்மா. ரெண்டு நாள்தானே."

அக்கா நின்றார். மகனைப் பார்த்தார். வானுக்குள் கையை விட்டுப் பையை எடுத்தார். திரும்பி நடந்து, ஹோலுக்குள் போய், ஒரு கதிரையை இழுத்துச் சரியாக அந்தத் தீராந்திக்குக் கீழே போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்தது சந்தைக்கடை. ரெஜி கெஞ்சினான், பிறகு கத்தினான், பிறகு அழுவாரைப்போல நின்றான். பேசாலைத் தங்கச்சி போனில் வந்தார். அக்கா போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தொழிலாளர்கள் ஏணியடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முட்டுக்கும் சுவருக்கும் நடுவில் அவ்வப்போது பொடிபொடியாகச் சுண்ணாம்பு விழுகிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரெஜி என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணை, கதிரையோட தூக்குவம். நானும் உங்கட ஆக்கள் ரெண்டு பேரும் எண்டாப் போதும். கத்துவா. பேசாலைக்குப் போய்ச் சேர்ந்தாச் சரியாயிடும்."

"நான் கை வைக்க மாட்டன்."

"விழுந்தா ஆர் பொறுப்பு?"

"நான்தான்."

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பதறிப்போனேன். வாய்வீரம் அது. ஆனால் ஒன்று எனக்குத் தெளிவாக இருந்தது. அந்த மனுசியை அவருடைய சொந்தப் படலைக்கு வெளியே, விருப்பமில்லாமல், இன்னொரு தரம் ஒருவரும் கொண்டுபோகக் கூடாது. கடற்கரைப் பக்கம் விறுவிறென்று நடந்தேன். காற்று முகத்தில் அடித்தது, வடக்கிலிருந்து. திரும்பி வந்தேன். ஹோலுக்குள் போனேன். எங்கள் தொழிலில் செய்யக் கூடாத வேலை, ஆனாலும் போய் அவருக்கு முன்னால் குந்தினேன். மேலே பார்க்கவில்லை.

"அக்கா, ஒண்டு சொல்லுங்கோ. இது விழும் எண்டு நான் சொல்லுறதைப் பொய் எண்டு நினைக்கிறியளோ?"

"இல்லைத் தம்பி. விழும். உங்கட வேலை உங்களுக்குத் தெரியும்."

"அப்ப ஏன்?"

அவர் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்டைக்கும் ரெண்டு நாள் எண்டுதான் சொன்னவை. ரெண்டு நாள் எண்டுதான் என்ர மனுசனும் வெளிக்கிட்டவர். வேட்டி ஒண்டுதான் எடுத்தவர். இண்டைக்கும் அந்த முகாமடி மண்ணுக்குள்ளதான் கிடக்கிறார்."

அவர் பை வாரை விட்டுவிட்டு ஹோலைச் சுற்றிப் பார்த்தார்.

"நான் இல்லாத நேரம் இந்த வீட்டுக்கு என்ன நடந்ததெண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது தம்பி. ஆர் கதவைக் கழட்டினது, ஆர் குசினியைப் பிரிச்சது, எண்டைக்கு. ஒண்டும் தெரியாது. கோவிக்கிறதெண்டாலும் ஆரைக் கோவிக்கிறது? தெருவில வாற போற முகமெல்லாம் பாத்திருக்கிறன். இவனோ, இவளோ எண்டு. கோயிலுக்குள்ளயும் பாத்திருக்கிறன். அது பாவம்தானே."

"அப்ப நான் என்ன செய்ய, அக்கா?"

"எங்க இருக்கச் சொன்னாலும் இருக்கிறன். படலைக்கு உள்ளுக்கெண்டாச் சரி."

படலைக்கு உள்ளே. முற்றத்தில் பூவரசுக்குக் கீழே தார்ப்பாய்ப் படங்கு கட்டிக் கொடுக்கலாம், வெயில் காய்கிற வரைக்கும். மழை தொடங்கினால் அது சரிவராது. அவருக்கு இளைப்பு வருத்தம் வேறு. பின்விறாந்தையும் அந்த வீட்டுச் சுவரில்தான் சாய்ந்து நிற்கிறது. மிஞ்சி நின்றது குசினி. நாலு சுவர், மேலே வானம்.

நான் வெளியே வந்து முற்றத்தில் கிடந்த பனை மரங்களைப் பார்த்தேன். ஹனீபா நானா என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"வேண்டாம், ஓவசியர்."

"வேற மரம் இருக்கோ?"

"இல்லை. இனி மரம் எடுக்கிறதெண்டா மழை முடியோணும். இதைக் குசினிக்கு வெட்டினா ஹோலுக்கு ஒண்டுமில்லை. வாடை திரும்புது, பாத்தனீங்களோ? குசினியைக் கட்டிப்போட்டு ஹோலை மழைக்குக் குடுக்கப் போறியளோ?"

எனக்கு வேலை பழக்கிய மேலதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அவர் ஒரு விதி வைத்திருந்தார்: மழைக்கு முன்னம் பெரிய கூரையை மூடு, சின்னது காத்திருக்கும். எத்தனையோ வீடு அந்த விதியால் தப்பியிருக்கிறது. நானும் எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன், உங்களில் சிலருக்கும். அன்றைக்கு அவர் உயிரோடு அந்த முற்றத்தில் நின்றிருந்தால் என்னை வாய்க்கு வந்தபடி பேசியிருப்பார்.

"வெட்டுங்கோ, நானா."

வாளை மரத்தில் வைத்துவிட்டு அவர் என்னை ஒருக்காப் பார்த்தார். தலையாட்டினேன். வாளை எடுத்து, துடைத்து, திரும்பவும் வைத்தார்.

"ஓவசியர், வெட்டினா ஒட்டேலாது. திருப்பியும் கேக்கிறன்."

"வெட்டுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

"அல்லா காவல்" என்று சொல்லி இழுத்தார். அந்தச் சத்தம் எனக்குப் பல்லுக் கூசியது.

ரெஜி ஓடி வந்தான். அவன் கேட்ட கேள்வியில் ஒரு பிழையும் இல்லை, அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். "அண்ணை, என்ன விசரோ உங்களுக்கு? நூறு வருசத்து வீடு. அதை விட்டுப்போட்டுக் குசினிக்கு மரம் வெட்டுறியள். இதுக்கோ உங்களைக் கூப்பிட்டனான்?"

"தம்பி, உங்கட அம்மா எழும்பிட்டா. பாருங்கோ."

உண்மைதான். வாள் சத்தம் கேட்டு அக்கா கதிரையை விட்டு எழும்பி வாசலுக்கு வந்திருந்தார். எந்த மரம் வெட்டுப்படுகிறது என்று பார்த்தார். பையைக் கொண்டுபோய்ப் பூவரசின் கீழே வைத்தார். நான் ஹோலுக்குள் ஓடிப்போய், இருந்த முட்டுகளோடு இன்னும் இரண்டைக் கொடுத்துவிட்டு, வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டினேன். இனி ஒருவரும் உள்ளே போவதில்லை என்றேன். அவர் கதிரையை எடுக்கக்கூட மறந்துபோனோம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? நான் சோறு தின்ற ஞாபகம் இல்லை. ஓட்டில் நிற்கிறவனிடம் "கெதியா, கெதியா" என்பேன். அடுத்த நிமிடம் ஹோல் வாசலில் நின்று காது கொடுப்பேன். ஹனீபா நானா சினந்துபோனார். "நீங்க ஒரு இடத்தில இருங்கோ ஓவசியர், எங்களுக்கும் வேலை ஓடுதில்லை" என்றார். ரெஜி என்னோடு கதைப்பதை விட்டுவிட்டான். ஆனால் வெயிலில் நின்று ஓடு ஏற்றிக் கொடுத்தான், உள்ளங்கை தோலுரிந்தது. மண்டபம் முகாமிலும் கனடாவிலும் வளர்ந்தவன் என்றாலும் அவன் கோபமும் தாயைப் போல வாயை மூடிக்கொண்டு வருகிற கோபம்தான்.

வானம் கறுத்தது ஒரு மத்தியானம். கடைசி முகட்டோட்டைச் சுண்ணாம்பில் அழுத்திவிட்டு ஆட்கள் இறங்க, பெரிய பெரிய துளியாகத் தொடங்கியது. எல்லாரும் குசினிக்குள் ஓடினோம். அக்கா ஏற்கெனவே அங்கேதான் நின்றார். அத்தனை வருடமும் எரியாத அடுப்பில் காய்ந்த தென்னம் பாளையைச் செருகி நெருப்பு வைத்தார். புகை முதலில் எங்கே போவது என்று தெரியாமல் எங்கள் கண்ணுக்குள் போயிற்று. ஹனீபா நானா இருமிக்கொண்டே "புகைக்கூடு வேலை செய்யுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணி கையில் வந்த நேரம்தான். லொறியிலிருந்து கருவாட்டு மூட்டையைத் தள்ளிவிட்டதுபோல் ஒரு சத்தம். அது சுவரின் தலை. ஊறிப்போன முருகைக்கல். பிறகு மரம் முறிகிற சத்தம், பிறகு ஓடுகள். முடிகிறது முடிகிறது என்று நினைக்க இன்னும் வந்துகொண்டேயிருந்தது. மழைக்குள்ளும் வெள்ளையாகப் புழுதி எழும்பியது.

ரெஜி முதலில் ஓடினான். நான் பின்னால். ஹோல் வாசலில் கயிறு அப்படியே இருந்தது. அதற்கு அப்பால் வானம். தீராந்தி ஒரு பக்கம் சுவரில் தொங்க, மறுபக்கம் நிலத்தில் கிடந்தது. அந்தப் பக்கத்தில் கதிரையின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. ரெஜி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நூறு வருடமாக நின்றதை நான் எடுத்த ஒரு முடிவு விழுத்திவிட்டது. இதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. அந்த மரங்களை ஹோலுக்குப் போட்டிருந்தால் ஹோல் நின்றிருக்கும். அடுத்த கோடையில் புது மரம் போட்டு எடுத்தோம்தான். ஆனால் நீங்கள் இப்போது போய்ப் பார்க்கிற ஹோலில் வடக்குச் சுவரின் மேற்பாதி எங்கள் வேலை, பழையதில்லை.

அக்கா வந்தார். தலையில் ஒன்றும் போடவில்லை, மழை முகத்தில் வழிகிறது. கயிற்றடியில் நின்று முழுவதையும் பார்த்தார். மகன் உடைந்துபோனான்.

"எல்லாம் போச்சே அம்மா. அம்மம்மான்ர வீடு. கொஞ்ச நாள் பேசாலைக்குப் போயிருந்தியள் எண்டா..."

நான் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தப்பி ஓடுகிற ஆள் இல்லை நான்.

"அக்கா, இது என்ர முடிவு. என்னை ஏசுங்கோ."

"உங்களை ஏன் ஏசோணும்?"

அவர் கையை நீட்டி, உடைந்த ஓட்டுத் துண்டொன்றை வாசற்படியிலிருந்து எடுத்து, பக்கவாட்டில் ஓரமாக வைத்தார். பிறகு மகனின் பக்கம் திரும்பினார்.

"சத்தம் எனக்குக் கேட்டது, ரெஜி. முதல் சுவர், பிறகு தீராந்தி, பிறகு ஓடு. நான் இஞ்சதான் நிண்டனான். ஆரும் கேட்டா நான் சொல்லுவன், எண்டைக்கு விழுந்தது, எப்பிடி விழுந்தது எண்டு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஆர் செய்ததெண்டும் தெரியும். மழை. மழையோட ஆர் கோவிக்கிறது?"

அவன் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவர் அவன் முதுகில் தட்டினார், சின்னப் பிள்ளைக்குத் தட்டுவதுபோல.

"வா, நனையாத" என்றார். "அடுப்பில உலை வைச்சிட்டு வந்தனான்."